விளக்குக்குக் கீழே

எங்கே உட்காருவதானாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார் அவர். சுமத்ராவில் வைத்திருந்த கடையை விட்டுவிட்டு, எழுபதுகளின் கடைசியில் திருமலைராயன்பட்டினம் திரும்பிய வியாபாரி. நெட்டையான மனிதர், மூக்கின் குறுக்கே ஒரு தழும்பு. மனைவி ஆசைப்பட்டாளென்று, காரைக்காலில் என் மின்சாமான் கடைக்குக் கண்ணாடித் தொங்குவிளக்கு வாங்க வந்தார். வாங்க மனமே இல்லை.

“ஏன் பாய் யோசிக்கிறீங்க?”

“பூமியோட மேல்தோடு பெரிய பெரிய பாளமா கெடக்குங்க. சுமத்ரா, ரெண்டு பாளம் முட்டிக்கிற ஓரம். அதான் அங்க நெலம் ஆடும், எரிமலை பொகையும். ஒருதடவை ஆடினப்ப இந்த மூக்குல விழுந்ததும் ஒரு வெளக்குதான்.”

“அப்ப நம்ம ஊரு?”

“அந்த ஓரம் இங்கேருந்து ரொம்பத் தூரங்க. ஆபத்து கம்மி, அடியோட இல்லேன்னு சொல்ல முடியாது. புத்திக்குத் தெரியுது, கழுத்துதான் கேக்க மாட்டேங்குது.”

அவர் வீட்டுக் கூடத்தில் விளக்கை நானே மாட்டினேன். ஒரு கொக்கி போதும். இரண்டு போடச் சொன்னார். அப்படியும் சுவரோரமாகவே நடந்தார்.

அடுத்த வருஷம் பல்ப் மாற்றப் போனபோது, விளக்குக்கு நேர் கீழே ஜமுக்காளம் விரித்து, புதிதாகப் பிறந்திருந்த தன் கைக்குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காருமுன், இரண்டு கொக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்த்தது நான்தான்.