சமயநல்லூர் கிடங்கில் எனக்குப் போட்டியாக வந்தவர்

சமயநல்லூரில் ஒரு சிமெண்ட் கிடங்குக்கு மேற்பார்வையாளர் வேண்டுமென்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால், நாற்பத்தெட்டு வயதில் நான் என் மச்சினன் கடையில் அவனுக்குக் கீழே நிற்க வேண்டும்.

வந்தவர்களில் என் வயதுக்காரர் இன்னொருவர் மட்டும்தான். நான் தலைக்கு மை பூசி, இரவல் ஷூவுக்குள் காலைத் திணித்திருந்தேன். அவருக்குத் தலை பஞ்சாக நரைத்திருந்தது, காலில் ரப்பர் செருப்பு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே லேசாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். பெயரைக் கூப்பிட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்தவரிடம், "உள்ள என்னண்ணே கேக்குறாங்க?" என்றேன்.

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. தெரியாததக் கேட்டா தெரியலன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

தெரியல, தெரியல என்று மனப்பாடம் செய்துகொண்டே உள்ளே போனேன். நம் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்பதையே அவர்களும் கேட்டார்கள்.

"சொந்த ஊரு எது?"

"தெரியல சார்" என்றேன்.

எனக்கும் அதே சிரிப்புக் கிடைத்தது. வேலை மட்டும் அவருக்குக் கிடைத்தது. அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

"மதுரைக்குத்தான் போறேன், ஏறுங்கண்ணே" என்று அவரே என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மச்சினன் முகம் நினைவுக்கு வராமலிருக்க, வழியெல்லாம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் நிறையும். அவர் சட்டையில், அந்தச் சித்திரை வெயிலிலும், ஒரு பொட்டு வியர்வை இல்லை.

வேலை கிடைக்காமல் போனதைக்கூட மறந்துவிட்டேன். அந்தச் சட்டையைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.