12-பிஏ தாளின் முதுகில் போட்ட கணக்கு

1. உருவிப் போடும் தாள்

மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வருமான வரி ரிட்டர்ன் போட்டேன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கணக்கில் நான் பெரிய புலி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்து வைத்திருந்தேன். அந்தப் பட்டம் பறிபோன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு தாங்காது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஜூலை மாதம் கட்டுக் கட்டாக ஃபார்ம் 16 வரும். அதன் கடைசியில் 12-பிஏ என்று ஒரு தாள் இருக்கும். சம்பளம் போக, கம்பெனி கொடுத்த வீடு, கார் மாதிரியான சலுகைகளின் பட்டியல் அது. எங்களிடம் வரும் டீச்சருக்கும் கிளார்க்குக்கும் யார் கார் கொடுக்கப் போகிறார்கள்? வரிசையாகப் பூஜ்யம்தான். அதனால் ஃபைலைப் பிரித்ததும் அந்தத் தாளை உருவிவிடுவோம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், ரஃப் ஒர்க்குக்கு ஆகும். இந்தச் சிக்கனத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான்.

2. சரவணனின் பங்கு

சரவணன் பொழிச்சலூர்க்காரர். அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சென்னைக் கிளையில் டெஸ்டிங் வேலை. விமானம் தலைக்கு மேலேயே இறங்கும் ஊர் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் வந்தால் பேச்சை நிறுத்தி, கையைத் தூக்கி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். எங்கள் ஆபீஸ் பக்கம் ரயில் போனாலும் சரவணன் கையைத் தூக்கிவிடுவார். நாங்களும் காத்திருப்போம்.

அன்றைக்கு மலர்ந்த முகமாக வந்தார். "அக்கா, இ.எஸ்.பி.பி. ஷேர் நூறு வித்தேன். ஹவுஸிங் லோனை முடிச்சிட்டேன். மிச்சத்துல வீட்டுல ஆறு பேருக்கும் டெல்லிக்கு பிளைட் டிக்கெட் போட்டாச்சு. அடுத்த வாரம் கிளம்பறோம்!"

"டெல்லியில என்னப்பா விசேஷம்?"

"டெல்லி யாருக்குக்கா வேணும்? அம்மாவுக்கு ஒரே ஆசைதான். எங்க வீட்டை மேலேர்ந்து பாக்கணுமாம். திரும்பி வரும்போது அடையாளம் தெரியறதுக்கு மொட்டை மாடியில செவப்புப் போர்வை விரிச்சு, நாலு மூலையிலயும் செங்கல் வைக்கப் போறாங்க."

இ.எஸ்.பி.பி. என்றால் கம்பெனி தன் பங்கைத் தன் ஊழியருக்கே தள்ளுபடி விலையில் கொடுக்கும் திட்டம். எனக்கு அதுதான் முதல் கேஸ். தெரியாது என்று சொல்லும் வழக்கம் எனக்கில்லை. புரோக்கர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். ரூபாயில் முழு எண்ணாகச் சொல்கிறேன்: ஒரு பங்கு வாங்கியது 8,500, விற்றது 10,300. லாபம் 1,800. நூறு பங்குக்கு 1,80,000. வாங்கி இரண்டு வருஷம் ஆகாததால் குறுகிய கால லாபம். அவர் முப்பது சதவீத ஸ்லாப். நாலு சதவீத செஸ்ஸோடு வரி 56,160 ரூபாய். அவர் ஃபைலிலிருந்து உருவிய 12-பிஏ தாளின் முதுகில் கணக்குப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து நீட்டினேன்.

சரவணன் முகம் தொங்கிப்போனது. தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவா? டிக்கெட்டே நாப்பத்தாறாயிரம்தான்கா. கையில வேற பணம் இல்ல. இன்னைக்குள்ள கேன்சல் பண்ணா முழுசா திரும்பக் கிடைக்கும். பண்ணிடறேன்." ஒரு கை செல்போனுக்குப் போனது. "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? தெரு பூராவும் சொல்லிட்டாங்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் பிடித்திருந்த தாளையே பார்த்தேன். கணக்கு அவர் பக்கம். என் பக்கம் 12-பிஏ. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்... நடுவில் ஒரு வரி, ஸ்டாக் ஆப்ஷன்: 1,50,000.

"கையை எடுப்பா போன்லேர்ந்து!" என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். ஆடிட்டர் பத்மநாபன் சார் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு, நூர்ஜஹான்?"

தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அலாட் ஆன அன்னிக்கு மார்க்கெட் விலை பத்தாயிரம். இவர் கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. நடுவுல இருக்கிற தள்ளுபடியைச் சம்பளமாக் கணக்குப் பண்ணி, கம்பெனி அப்பவே டி.டி.எஸ். பிடிச்சாச்சு. வித்த லாபத்தைப் பத்தாயிரத்துலேர்ந்துதானே பாக்கணும்? எட்டாயிரத்து ஐந்நூறுலேர்ந்து பாத்தா ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை வரிம்மா!"

"ஓ! அதான் அந்த மாசம் சம்பளம் குறைஞ்சுதா?" என்றார் சரவணன். "நான் எச்.ஆரோட சண்டையே போட்டேன் சார்!"

லாபம் பங்குக்கு முந்நூறு, நூறு பங்குக்கு முப்பதாயிரம். வரி 9,360. நான் இன்னும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன், சரவணன் எழுந்து நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சார் மட்டும் முறைப்பாக, "வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்ல இந்தப் பங்கையும் காட்டணும், ரெண்டு பேரும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போனதும் அவரும் சிரித்தது கதவைத் தாண்டிக் கேட்டது.

3. மேலிருந்து

அன்றோடு தாளை உருவும் வழக்கத்தை நிறுத்தினேன். பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று தெரிந்த தாளையும் ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள். புரோக்கர் ஸ்டேட்மென்ட்டில் இருப்பது ஊழியர் கையிலிருந்து கொடுத்த விலை. நமக்கு வேண்டியது வரி கட்டிய விலை, அதாவது அலாட் ஆன அன்றைய மார்க்கெட் விலை. இவ்வளவுதான் நான் கற்றது. ஆனால் அதைக் கற்க ஓர் அம்மாவின் பயணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. சரவணனின் அம்மா.

"நூரும்மா! எங்க வூட்டப் பாத்துட்டேன்! போர்வைலாம் காத்துல பறந்து போயிருக்கு, ஆனாலும் கண்டுபுடிச்சிட்டேன்."

"எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"நம்ம வூடு நமக்குத் தெரியாதா? பிளைட்டுக்குள்ளயே எந்திரிச்சிக் கத்தினேன், அங்க வேலை செய்யுற பொண்ணு வந்து உக்கார வெச்சுது. ஏம்மா, மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியுதுன்ற? தண்ணி டேங்கு மூடி தொறந்து கீது! முப்பது வருசமா கீழயே நின்னுகினு..."

பேச்சு நின்றது. அந்தப் பக்கம் பெரிய இரைச்சல். கையைத் தூக்கியிருப்பார் என்று தெரியும். நானும் போனைக் காதில் வைத்தபடி, விமானம் போகட்டும் என்று காத்திருந்தேன்.