பத்து நிமிச வேலை

சிசிலியில், வியா மக்வேதா என்ற தெருவில், நான் அலுவலக வேலை செய்யும் துப்புரவு நிறுவனத்துக்கு முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார். எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கூலி என்று அது சொல்லிவிடுமாம். பெண்டாட்டியைக்கூட மனுசன் அவ்வளவு பாசத்தோடு பார்த்திருக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையைக் கிழமைதோறும் துப்புரவாக்கும் வேலை வந்தது. செய்யப் போகிறவர் எங்கள் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவருக்கு இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் காலம். ஒப்பந்தத்தில் மணித்தியாலம் குறைந்தால் வருமானம் போதாது என்று குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் கைவிரித்துவிடுவார்கள்.

"வேலை செய்பவரைக் கேட்டு மென்பொருளில் அப்படியே பதி, உன் கணக்கைக் கலக்காதே" என்றார் முதலாளி. அக்காவைக் கேட்டேன்.

"சன்னல் கதவுகள் துடைக்க எவ்வளவு நேரம் அக்கா?"

"அதென்ன பிள்ளை, ஒரு பத்து நிமிச வேலை."

"படிக்கட்டு?"

"அதுவும் பத்து நிமிசம்தான்."

"குசினி?"

"அது கொஞ்சம் மினக்கெடும். ஒரு அரை மணித்தியாலம் போடுமன்."

எங்கள் ஆட்களுக்கு இது பிறவிக்குணம். வேலை பெரிது என்று சொன்னால் பஞ்சி பிடித்த சோம்பேறி என்று பெயர் வந்துவிடும். எங்கள் பத்து நிமிடத்தில் பகேரியாவுக்கு ரயிலில் போய்த் திரும்பியும் வரலாம்.

மென்பொருளோ எங்களையும் வென்றுவிட்டது. ஒவ்வொரு வேலையையும் கிட்டிய அரை மணித்தியாலத்துக்கு மட்டந்தட்டும். பத்து நிமிடம் என்றால் பூச்சியம். அக்கா தந்த கொஞ்சத்தையும் அது விழுங்கி, மாளிகை முழுவதற்கும் இரண்டு மணித்தியாலம் என்றது. இந்த இரண்டு மணித்தியாலத்தை வைத்துப் பெர்மெஸ்ஸோ எங்கே கிடைக்கும்? முதலாளிக்கோ கொண்டாட்டம். இவ்வளவு மலிவாக வேறு யார் விலை சொல்லுவார்கள்? பிழை என்று சொல்லிப் பார்த்தேன். "இயந்திரம் பிழை விடாது" என்றார்.

"அப்படியென்றால் சனிக்கிழமை ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம். நீங்களும் ஒரு கை கொடுங்கள். பகேரியாவில்தானே உங்கள் மாமியார் வீடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போய்விடலாம்" என்றேன், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு.

மாளிகையில் அவர் கையில் துணியைக் கொடுத்தேன். "உங்களுக்குச் சன்னல் கதவுகள். மென்பொருள்படி பூச்சிய மணித்தியாலம்."

சிசிலிச் சன்னல் கதவு என்றால் சும்மாவா? அடுக்கடுக்காய் மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் ஆபிரிக்காவிலிருந்து காற்றில் வந்த தூசி. மத்தியானம் ஆனபோது அவர் இரண்டாவது சன்னலில் நின்றார். மாமியார் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். முதலாளி அழாக்குறையாக அக்காவைக் கேட்டார், இன்னும் எவ்வளவு நேரம் என்று. அக்கா வாளியைத் தூக்கியபடி இத்தாலிய மொழியில் கனிவாகச் சொன்னார், பத்தே நிமிடம்தான் என்று. முதலாளி படியிலேயே குந்திவிட்டார். நான் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

திங்கட்கிழமை முதலாளி தானே உட்கார்ந்து ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பதிந்தார். சன்னல் கதவுகளுக்கு அவர் போட்ட நேரத்தை நான்கூடத் துணிந்து கேட்டிருக்க மாட்டேன். அக்காவின் ஒப்பந்தத்தில் மணித்தியாலம் நிறைந்தது, பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது.

புது அட்டையைக் காட்ட வந்த அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"எப்பிடிப் பிள்ளை செய்தனீர்? எனக்காக எவ்வளவு மினக்கெட்டிருப்பீர்!"

"சும்மா இருங்கோ அக்கா. அதென்ன, ஒரு பத்து நிமிச வேலை."