வேலாயி காட்டிய இடம்

டவுன் கடைவீதியில், புடவைக் கடைக்கு எதிர்ப்புற நடைபாதையில் வேலாயி வெற்றிலை விற்றாள். வியாபாரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சம்பளச் சனிக்கிழமைகளில் அவளைச் சுற்றி மூட்டையும் பையுமாகக் குவிந்து கிடக்கும். தோட்டத்துப் பெண்கள் வாங்கியதையெல்லாம் அவளிடம் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு மற்றக் கடைகளுக்குப் போவார்கள். "போயிட்டு வாங்கடி, நான் பாத்துக்கிறேன்" என்பாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்து பறித்த காலத்திலிருந்தே எல்லோருக்கும் அக்கா. பிள்ளை இல்லாதவளுக்கு அந்தச் சனிக்கிழமைக் கூட்டம்தான் சொந்தபந்தம்.

அவள் புருஷன் சோலைமலை செத்ததும் இதே டவுனில்தான். சந்தையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோடு மூச்சு முட்டும் ஏற்றம். தீபாவளிக்கு முதல் நாள் மாவு மூட்டையைத் தோளில் வைத்து ஏறினான். ஆட்டோ பிடிக்கலாம் என்றாள் வேலாயி.

"இந்தா இருக்கு ஸ்டாண்டு, இதுக்குப் போயி ஆட்டோவா?"

பாதி ஏற்றத்தில் மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தான், மாவு சிந்திவிடக் கூடாதென்று. பிறகு அதன் மேலேயே சாய்ந்துவிட்டான். அன்றிலிருந்து வேலாயி அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை. கோயில் பக்கமாகச் சுற்றித்தான் போவாள்.

அதனால்தான், கடைவீதிக்குள் இலவச பஸ் விடலாமா என்று நகர சபை யோசிக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தை, கடைவீதி, பஸ் ஸ்டாண்டு என்று சுற்றிச் சுற்றி ஓடுமாம். அந்த மனுஷன் இருக்கும்போது வரவில்லையே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சாமான்களோடு சனம் அதிகம் கூடுவது எங்கே, அங்கேதான் பஸ் நிற்க வேண்டும் என்று கடைக்காரர்களிடம் சிங்களத்தில் விசாரித்தார். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். வேலாயிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து தன் இடத்தைச் சுட்டிக் காட்டி, "மெத்தன தமய் மாத்தயா" என்றாள், இங்கேதான் ஐயா என்று. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்றே பழகிய சனம். எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பழக்கமில்லை. அதிகாரி சிரித்துத் தலையாட்டியதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அடுத்த மாதம் அவள் இடத்தை ஒட்டி மஞ்சள் கோடு போட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தில் வியாபாரம் கூடாதாம். அதே அதிகாரிதான், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

"நீ ஏன்க்கா வாயக் குடுத்த?" என்று கூடக் கொழுந்து பறித்த ராசம்மா கோபப்பட்டாள்.

"பஸ்ஸு வரட்டும்டி. இனிமே அந்த ஏத்தத்துல யாரும் சாகாம இருந்தா போதும்."

வெற்றிலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீதி முழுக்க அலைந்தாள். ஒவ்வொரு சாண் இடத்துக்கும் ஓர் உரிமைக்காரன் இருந்தான். கடைசியில் கூடையோடு தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பினாள்.

பஸ் வரவில்லை. யார் செலவில் ஓட்டுவது என்று சபையில் சண்டையாம், இன்னும் யோசிக்கிறார்களாம். நன்றாக யோசிக்கட்டும்! ஒரு கிழவியைக் கிளப்ப மட்டும் யோசனையே தேவைப்படவில்லை.

சம்பளச் சனிக்கிழமை வந்தது. லயத்தில் இருப்புக் கொள்ளாமல் வேலாயி வெறுங்கையோடு டவுனுக்கு வந்தாள். மஞ்சள் கோட்டருகே ராசம்மா மாவு மூட்டையும் பைகளுமாக மூச்சு வாங்க நின்றிருந்தாள். தோட்டத்துப் பஸ் புறப்படும் நேரம்.

"இந்தப் பஸ்ஸு எப்பக்கா வரும்?"

வேலாயி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் மிதிக்காத ரோட்டில் ஏறினாள். ராசம்மா பைகளோடு பின்னால் வந்தாள். பாதி ஏற்றத்தில் வேலாயியின் கால் நின்றுவிட்டது. மூட்டையை மெதுவாக இறக்கி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, முடியலையா?"

"நீ போயி பைகள பஸ்ஸுல வச்சுட்டு வாடி. நான் பாத்துக்கிறேன்."

ராசம்மா தயங்கித் தயங்கி மேலே போனாள். சோலைமலை விழுந்த இடத்தில், மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வேலாயி அழுதாள்.