பஸ்தியாம்பிள்ளையின் சம்பளப் புளுகு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் பஸ்தியாம்பிள்ளையை அறியாத தமிழர் இல்லை. ஆலையில் காலை வேலை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் தேநீரோடு உட்காருவார். அவர் ஏரியில் பிடித்த மீன்கள் கரைக்கு வந்த பிறகும் வளரும். அதனால் எவருக்கும் நட்டமில்லை என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் ஸ்ரெபானி ஊர்க் கழகத்தின் பெண்கள் அணியில் உதைபந்தாட்டம் ஆடினாள். “என்ர பிள்ளைக்குக் கிளப் மாதச் சம்பளம் குடுக்குது” என்றார் இவர். திருவிழாவுக்குத் திருவிழா அந்தச் சம்பளம் ஏறியது. கடைசியில் தமிழ்ச் சங்கம் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. ‘சம்பளத்துக்கு ஆடும் எங்கள் முதல் வீராங்கனை’ என்று ஆங்கிலத்திலும் ஒரு பதாகை. செயலாளர் அந்தோனிதாசன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து முகநூலில் போட்டார். ஸ்ரெபானி பொன்னாடைக்குள் நெளிந்துகொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று தன் அணிக்கு அவளை அழைத்தது. படிப்புச் செலவு முழுதும் அவர்களுடையது. அவள் ஏங்கிக் கிடந்த இடம் அது. ஆனால் வெளிநாட்டில் சம்பளம் வாங்கி ஆடியவர்களைச் சேர்க்க மாட்டார்களாம். வீடியோவும் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடப் போனது பிள்ளை.

கணினித் திரையில் விசாரணை. வீடியோவுக்குப் பதில் சொல்ல அந்தோனிதாசனும் வந்திருந்தார். கிளப் எவ்வளவு கொடுத்தது என்று பல்கலைக்கழக அதிகாரி தகப்பனிடம் கேட்டாள். பஸ்தியாம்பிள்ளை செயலாளரைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று மகள் டேனிஷில் கெஞ்சினாள்.

“அவை ஒண்டும் தரேல்லை” என்றார். “நான்தான் வருசா வருசம் கிளப்புக்குச் சந்தா கட்டுறனான்.”

அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஸ்ரெபானிக்குச் சிரிப்பு வந்தது. அந்தோனிதாசனுக்கு வரவில்லை. கிளப்பும் அதையே சொல்ல, இடம் உறுதியானது.

ஞாயிறு பூசை முடிந்து அவர் மண்டபத்துக்குள் வருமுன்பே செய்தி வந்திருந்தது. ஒருவரும் நம்பவில்லை.

“அண்ணை, சம்பளமே இல்லையெண்டு சொன்னனீங்களாம். வரிக்குப் பயந்தோ?”

“இல்லையப்பா, உண்மையாத்தான்.”

“ஓமோம்” என்று கண்ணடித்தார்கள்.

ஒருநாள் உண்மை பேசிய மனிதருக்கு இப்படி ஒரு தண்டனையா? எனக்கே பாவமாக இருந்தது.

“அதை விடுங்கோ அண்ணை. அமெரிக்காவில எவ்வளவு குடுப்பினம்?”

வாய் திறந்துவிட்டது, பழக்கதோஷம். எதிர் மேசையிலிருந்து ஸ்ரெபானி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பாடு போடுவினமாம்” என்று சொல்லிவிட்டு, தேநீரை எடுத்துக் குடித்தார்.