பால் குடிக்காத மாப்பிள்ளை

மாலை நான்கு இருபது. வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த நான் முதலில் பார்த்தது டீப்பாயின் மேல் இருந்த ஒரு காபி டம்ளரை. மற்ற டம்ளர்கள் காலியாக இருந்தன. அது மட்டும் நிறைந்திருந்தது. மேலே ஆடை படிந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்துத் தட்டில் வாழைக்காய் பஜ்ஜி தீர்ந்திருந்தது. கேசரி வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்தத் தட்டுக்கு உரியவர் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர். திருநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் மதுரையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியனாக இருந்தேன். மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு வண்டியூரில், வேலை பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனியில். அவருடைய அம்மாவும் தாய்மாமனும் கூட வந்திருந்தார்கள். அப்பா இல்லாத பையன் என்பதால் எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான் முன்னால் நின்றார்.

பெண் கொண்டுவந்து கொடுக்கும் காபியைத் தொடாமல் வைப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். யாரும் அதை வாயால் சொல்வதில்லை. போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துகொள்வார்கள். தகவல் வராது. தங்கைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. காபியைக் குடித்துவிட்டு வேண்டாம் என்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். குடிக்காமலே வேண்டாம் என்பவர்களில் இவர்தான் முதல் ஆள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார்.

"தப்பா எடுத்துக்கிறாதீங்கண்ணே. அவன் பாலு சேக்குறதில்ல. கேசரியிலயும் நெய்யி இருக்கும்ல, அதான்."

"பாலு ஒத்துக்கிறாதா?" என்றார் அப்பா. "வயித்துல எதுவும் கோளாறா?"

"வயிறு கல்லக் குடுத்தாலும் செரிக்கும்ணே" என்றார் தாய்மாமன். "மனசுதான் ஒத்துக்கிறாதாம். பாலு கெடையாது, முட்ட கெடையாது, கறி கெடையாது. இவனுக்குப் பொண்ணக் குடுத்தா உங்களுக்கு ரெண்டு வாழக்காயோட செலவு முடிஞ்சிரும்."

அவரே சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"மாலை போட்டிருக்கீகளா?"

"இல்லைங்க."

"ஏதும் வேண்டுதலா?"

"இல்லைங்க. இதை வீகன்னு சொல்வாங்க."

"வேகனா? கூட்ஸ் வண்டியில வரிசையா மாட்டியிருப்பாய்ங்களே, அதுவா?"

"அதேதாண்ணே" என்றார் தாய்மாமன். "புல்லுக்கட்டு ஏத்துற வேகன்."

நான் உள்ளே போனேன். அடுக்களையில் தங்கை என் கையைப் பிடித்தாள். "வரக்காப்பி குடிப்பாரான்னு கேளுண்ணே."

"வாயக் கழுவுடி" என்றாள் அம்மா. "நல்ல காரியம் பேச வந்தவகளுக்கு வரக்காப்பியா? இது என்ன கேத வீடா?"

பாலில்லாத காபியை எங்கள் பக்கத்தில் சாவுக்கு வந்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே அது முடியாது. கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து சர்க்கரை போட்டுத் தங்கையே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை அடிவரை குடித்தார். எலுமிச்சை ஜூஸைக் குடித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்ச நேரம் மாடியில் நின்று பேசினார்கள். பிறகு எல்லோரும் புறப்பட்டுப் போனார்கள்.

மறுநாள் வண்டியூரிலிருந்து போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். தங்கையும் சம்மதம் என்றாள். மாடியில் என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டாரு. இதுவரைக்கும் வந்தவன் எவனும் கேக்கல" என்று மட்டும் சொன்னாள். பாக்கி இருந்தது அப்பா ஒருவர்தான்.

அப்பா திருமங்கலம் சாலையில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். மேற்கே சம்சாரிக் குடும்பத்தில், உழவோடும் மாடு கன்றுகளோடும் வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனியாபுரம் வரை ஸ்கூட்டரில் போய்க் கறி எடுத்துவருவார். பக்கத்தில் கறிக்கடை இல்லாமல் இல்லை. எலும்பையும் தனிக்கறியையும் அவர் சொல்லும் கணக்கில் போட அங்கே ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான். பேச்சில் அப்பா அதிகம் பயன்படுத்தும் சொல் 'கவனிப்பு'. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு லஞ்சம் என்று பொருள். அப்பாவுக்கு அது ஆட்டுக்கறி. ஒரு வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள் என்றால் கறி நிறைய வைத்தார்கள் என்று அர்த்தம். மருமகனுக்குக் கறி வைக்க முடியாது என்றால் அவரை வேறு எப்படிக் கவனிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் திங்கமாட்டேங்கிறாருன்னு விசாரிடா" என்றார். "பேப்பர்ல இருக்கியே, இதக் கண்டுபிடிக்க முடியாதா?"

பெங்களூரில் தெரிந்த ஒரு நிருபரிடம் சொன்னேன். அவர் விசாரித்துச் சொன்னது: நோய் இல்லை. சாமியார் தொடர்பு இல்லை. முன்பு எல்லாம் சாப்பிட்டவர்தான். இரண்டு நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர்கள் வீட்டிலேயே கோழி சமைப்பார்கள். பாத்திரம் கழுவும் முறை வந்தால் இவர் அந்தச் சட்டியையும் கழுவுவார்.

"சட்டியக் கழுவுவாராம், திங்கமாட்டாராம்" என்றார் அப்பா. "என்ன கணக்குடா இது?"

எனக்கும் கணக்கு வரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் பரம்பரையாகச் சைவம் சாப்பிடும் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள்மேல் அப்பாவுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கறி தாளிக்கும்போது அவர்கள் பக்கமிருந்த ஜன்னலை அவரே போய்ச் சாத்துவார். பிறப்பிலிருந்தே சாப்பிடாதவர்கள் அவரை எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்து, நடுவில் எழுந்துகொண்டவர்தான் தொந்தரவாக இருந்தார்.

"அப்ப நம்ம தப்புப் பண்றோம்ங்கிறாரா?" என்று ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே கேட்டார்.

"அவரு ஒன்னும் சொல்லலையேப்பா" என்றாள் தங்கை.

"சொல்லாம இருக்காருல்ல, அதத்தான் சொல்றேன்."

"சொன்னா கோவிப்பீக. சொல்லாட்டியும் கோவிச்சா அவரு என்னதான் செய்வாரு?"

அப்பா எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒரு முடிவு சொன்னார். அவர்களைக் கை நனைக்கக் கூப்பிடுவது. அந்தாள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது.

இது முறைக்கு நேர்மாறானது. பேச்சு முடிந்த பிறகுதான் பெண் வீட்டில் சோற்றில் கை வைப்பார்கள். அதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். சம்மதம் சொல்லாமல் எந்தக் கௌரவமுள்ள குடும்பமும் அதற்கு வராது என்று அம்மா சொன்னாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா வருகிறோம் என்றார். ஏன் ஒத்துக்கொண்டார் என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கும் இதற்கு முன் எங்கேயோ ஒரு காபி டம்ளர் ஆடை படிந்து நின்றிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சாப்பாடு கறிச்சோறு. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு ரசம் ஊற்றி அனுப்புவதை அப்பாவால் யோசிக்க முடியவில்லை. "மீல் மேக்கர்னு ஒன்னு விக்கிறாய்ங்கள்ல" என்று அவரே சொன்னார். வெஜிடபிள் பிரியாணியில் கிடக்கும் அந்தச் சோயா உருண்டைகளை அதுவரை பொறுக்கி இலைக்கு வெளியே வைப்பதுதான் அவர் வழக்கம். ஆஸ்பத்திரிப் பஞ்சு என்பார்.

அம்மாவுக்கு அதைச் சமைக்கத் தெரியாது. கறி சாப்பிடாதவர்கள் சாப்பிடும் பொருள்தானே என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் பின்வாங்கினார். "அய்யய்யோ, அதெல்லாம் நாங்க வீட்டுக்குள்ள விடுறதில்லக்கா. பாக்க அப்படியே கறியாட்டம் இருக்கு."

அம்மா திரும்பி வந்து என்னிடம் கேட்டாள். "கறி திங்கிறவுகளும் தொடமாட்டாக, திங்காதவுகளும் தொடமாட்டாக. அப்ப யாருக்குடா இதச் செய்யிறாய்ங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்றில் ஆட்டுக்கறிச் சுக்கா. இன்னொன்றில் மீல் மேக்கர் சுக்கா. சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, துணியைப் பிழிவதுபோல் பிழிந்து, அதே சின்ன வெங்காயம், அதே மிளகு, அதே சோம்பு. இரண்டுக்கும் ஒரே நிறம். கரண்டி மாறிவிடக் கூடாது என்று தங்கை ஒரு கரண்டியின் காம்பில் வெள்ளை நூல் கட்டினாள்.

கூடத்தில் இலை போட்டார்கள். அப்பா மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். மாப்பிள்ளை மீல் மேக்கரைச் சோற்றோடு பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுல எனக்கு ஒரு கரண்டி வையி" என்றார்.

அம்மா நூல் கட்டிய கரண்டியால் வைத்தாள். அப்பா ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் தாய்மாமன்.

"மசாலா எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "ஆனா வைக்கோல் கன்னுக்குட்டிய மாடு நக்குன மாதிரி இருக்கு."

தாய்மாமனுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தைத்து மாட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும். அந்த நேரத்தில் கறந்துகொள்வார்கள். மாடு வைத்திருந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பாத்திருக்கனாவா? நானே தச்சிருக்கேன், கோணி ஊசியால."

"நானும் பாத்தேன். மாமா வீட்டுலதான். ரெண்டு வருசம் முன்னாடி பொங்கலுக்கு வந்திருந்தப்ப."

தாய்மாமனின் சிரிப்பு நின்றது.

"நக்கி நக்கித் தையல் விட்டுப்போச்சு" என்றார் மாப்பிள்ளை. "உள்ள இருந்த வைக்கோல் வெளிய வந்திருச்சு. மாடு அதைத் திங்க ஆரம்பிச்சிருச்சு. மாமா அப்பவும் கறந்துக்கிட்டுத்தான் இருந்தாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குப் பால்சோறு எறங்கல. அப்புறம் ஒவ்வொன்னா எறங்காமப் போயிருச்சு. வேற ஒன்னும் இல்லைங்க."

ஃபேன் காற்றில் காலி இலை ஒன்று மடங்கி விரிந்தது. அப்பா தன் இலையில் இருந்த இரண்டையும் பார்த்தார். ஒரு பக்கம் கறி, ஒரு பக்கம் அது. எது எது என்று ஒரு கணம் எனக்குமே தெரியவில்லை.

"மாடு அப்படித்தான்" என்றார் கடைசியில். "வைக்கோலக் கண்டா திங்கத்தான் செய்யும்." மாப்பிள்ளையின் இலையைப் பார்த்தார். "சோறு ஆறுது பாருங்க. சாப்பிடுங்க மாப்ள."

மாப்ள என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. தாய்மாமன் தண்ணீர் குடித்தார். தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது அப்பா தலையாட்டினார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். மாப்பிள்ளை சொன்னதில் அவருக்கு நியாயம் தெரிந்ததா?

"என்ன நியாயம்? கறக்காம விட்டா மாட்டுக்கு மடி கட்டிக்கிரும். அப்புறம் அதுதான் வேதனப்படும். மாடு வச்சிருந்தவனுக்குத் தெரியும். இவருக்கு அது தெரியல."

"அப்புறம் எதுக்குச் சரின்னீங்க?"

"எலையப் பாத்தியா? ஒரு பருக்க விடல" என்றார்.

இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை. அதே மூச்சில் அந்த மீல் மேக்கரை வாயில் வைக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பால்பழம் கொடுக்கும்போது மறுபடி சிக்கல் வந்தது. பால் இல்லாமல் பால்பழம் கிடையாது. வாழைப்பழம் மட்டும் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உதட்டில் நனைத்துவிட்டு வைத்துவிடட்டும் என்று இன்னொருவர் சொன்னார். அம்மா ஒரு டம்ளரை நீட்டினாள். அதில் தேங்காய்ப்பால் இருந்தது. "இதுவும் பாலுதான. பேரே அதுதான" என்றாள். கூடியிருந்த பெண்களில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை குடித்தார். அதே டம்ளரில் தங்கையும் குடித்தாள்.

அந்த வருடம் தலை தீபாவளி. விடிந்ததும் அப்பா வழக்கம்போல் அவனியாபுரத்துக்குக் கறி எடுக்கக் கிளம்பினார். மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார்.

"நானும் வாரேன் மாமா."

"நீங்க எதுக்கு? அங்க கூட்டமா இருக்கும், உரிச்சுத் தொங்கவிட்டிருப்பாய்ங்க."

"பை புடிக்க ஆள் வேணும்ல."

அப்பா என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

திரும்பி வந்தபோது ஏழு மணி. கறிப் பை மாப்பிள்ளையின் மடியில் இருந்தது.