சாய்ஸில் விட்ட மோட்டார்

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கப் பத்து நாள் இருந்தது. நான் சிதம்பரத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். வீடு கடலூரில், கடற்கரையோரம். பவர் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று ஏழு புதுப் பேப்பர்கள் வரிசைகட்டி நின்றன. போதாக்குறைக்குப் போன செமஸ்டரில் கோட்டைவிட்ட மெஷின்ஸ் பேப்பரின் அரியர். இந்த முறை அதை முடிக்காவிட்டால், வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் என்னை உள்ளேயே விடமாட்டார்கள். அப்படியும் அரியர் பரீட்சைக்கான ஃபாரத்தை நிரப்பாமல் வைத்திருந்தேன். ஏழோடு எட்டா என்று பயம். வாயாடி என்று பெயரெடுத்தவள், பயத்தை யாரிடம் சொல்வது?

ஐந்து யூனிட்டில் ஒன்றைத் தொடாமல் ‘சாய்ஸில் விடுவது’ எங்கள் வகுப்பின் வழக்கம். மெஷின்ஸ் பேப்பரில் நான் விட்டது வீட்டு மோட்டார்களைப் பற்றிய கடைசி யூனிட். கேள்வித்தாளில் பெரிய கேள்விகள் இரண்டு அதிலிருந்தே வந்து உட்கார்ந்திருந்தன.

அந்த விடுமுறையில்தான் பக்கத்து வீட்டு மாமா வந்தார். கடலுக்குப் போகிறவர். மறுநாள் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை.

“கரண்ட் படிக்கிற பொண்ணு நீ இருக்கச்ச நான் யாரப் போய்த் தேடுறது? வந்து பாரு பாப்பா.”

மோட்டார் உர்ரென்றது, சுற்றவில்லை. தொட்டால் சுட்டது. பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “வைண்டிங் கம்பி எரிஞ்சிடுச்சி மாமா, புதுசா சுத்தணும்” என்றேன்.

மோட்டாரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, இருவரும் மஞ்சக்குப்பத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கரண்ட் கொடுத்துவிட்டு, மோட்டாரின் சுழல்தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். மோட்டார் ஓடியது.

“வைண்டிங் நல்லாத்தான் இருக்கு. கெளப்பிவுடுற கெப்பாசிட்டர் போயிருக்கு. எரிஞ்சிடுச்சின்னு யாரு சொன்னது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: “நாந்தான். எனக்கென்னா தெரியும்?”

புதுக் கெப்பாசிட்டர் மாட்டி மோட்டாரை எடுத்து வந்தோம். மாமா அதோடு விட்டாரா? நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டாரிடமெல்லாம், “மோட்டார ஓடவச்சது நம்ம பாப்பாதான்” என்று என்னைக் காட்டினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்காகக் கேசரியை இரண்டாம் முறை வாங்காமல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த யூனிட்டைப் பிரித்தேன். இந்த மோட்டார் தானாக ஏன் கிளம்பாது என்பதுதான் முதல் பாடமே. இரண்டே பக்கம். என்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் அரியர் ஃபாரத்தை நிரப்பிவிட்டேன்.

செமஸ்டரின் முதல் நாள், சிதம்பரம் போகும் ரயிலில் தோழி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கேட்டாள். “பவர் சிஸ்டம்ஸ்ல எந்த யூனிட்டடி சாய்ஸ்ல வுடலாம்?”

“ஒண்ணையும் வுட முடியாதுடி. பக்கத்து வீட்டு மாமாவுக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு.”